ஒடுக்கும் கடனும்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பால் ஏற்றி வரும் டாங்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர். அவற்றில் பலவற்றின் எவர்சில்வர் தொட்டிக்கு வர்ணம் கிடையாது. மற்ற வண்டியில் ஒடுக்கு விழுந்தால் பட்டறைக்காரர் ஓரளவு தட்டி, பட்டி பார்த்து, வர்ணம் அடித்துவிடுவார். பள்ளம் உள்ளேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெறும் எவர்சில்வரில் இந்த உபாயம் செல்லாது. தகட்டையே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவோ அடிக்க அடிக்க இறுகும் உலோகம். அவசரப்பட்டால் நீண்டு புடைத்துக்கொள்ளும். கீறலையும் தகட்டின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். சாதாரண இரும்புக் கம்பிப் பிரஷால் தேய்த்தவன் துருவை விதைத்தவனாவான்.

ஒரு விசேஷம். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. கீறுபட்ட இடத்தில் காற்றுப் பட்டதும் மெல்லிய காப்புப் படலம் தானே மறுபடி உண்டாகும். ஒடுக்கு மாத்திரம் ஒடுக்காகவே நிற்கும்.

அப்படியொரு லாரியை இரவில் இடித்துவிட்டு ஓடிப்போனவன் பாவசங்கீர்த்தனம் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கடன் தீர்ந்ததா? திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1551-ல் மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் மூன்றையும் சேர்த்தே போதித்தது. பாவமன்னிப்பு மெய்யானதே; ஆனாலும் லாரிக்காரருடைய தகடு அதனால் நிமிர்ந்துவிடாது. பட்டறைக் கூலி கொடுக்கும் எண்ணமே இல்லாதவனுடைய மனஸ்தாபத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமுண்டு.

“கோவில் உண்டியலில் போட்டுவிட்டேனே!” என்பீரோ? அது பட்டி பார்த்த வேலை. உடையவர் யாரென்று அறியவே முடியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். லாரியின் நம்பர் ஞாபகமிருந்தால் அவரைத் தேடித்தான் போக வேண்டும். முகம் காட்டக் கூச்சமானால், குருவானவர் மூலமாய்ப் பணத்தைச் சேர்ப்பித்தாலும் போதும்.