மரத்த பாதமும் பொறுமையும்

திருவிழாக் காலத்து நண்பகலில், வெயிலில் காய்ந்த பிராகாரக் கல்லில் கால் வைத்த சேவார்த்திகள் நிழலை நாடி விரைந்தோடுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அவர்களுக்கிடையே ஒருவர் மட்டும் பதறாமல் நடந்து வருவாராயின், "என்ன பொறுமை!" என்று வியப்போம். அடியேனையும் ஒருமுறை பெரியவர் ஒருவர் அவ்வாறு வியந்து பாராட்டினார். அன்றிரவு உள்ளங்காலில் எழுந்திருந்த கொப்புளத்தைக் கண்ட பிறகே, கல் சுட்டது என்பது அடியேனுக்குத் தெரிய வந்தது.

அடியேனுக்கு வாய்த்திருப்பது வழிவழியாக வரும் ஒரு நரம்பு நோய். 1886-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர்களான ஷார்க்கோ, மாரீ என்னும் இருவரும், இங்கிலாந்தில் டூத் என்பவரும் இதனை விவரித்து எழுதினர். அதனால் மூவர் பெயராலும் 'ஷார்க்கோ-மாரீ-டூத்' நோய் என்று வழங்குகிறது. மின்கம்பிக்கு மேலுறை இருப்பது போல நரம்பிழைக்கும் ஓர் உறை உண்டு. இந்நோயில் மிகுதியாகக் காணப்படும் வகையில் அவ்வுறை பழுதுபடுகிறது. நாளடைவில் இழையும் நலிகிறது. நீளமான நரம்புகளே முதலில் தளர்வதால், பாதம் முதலிலும் கைவிரல்கள் பின்னரும் மரத்துப் போகின்றன.

சீதோஷ்ணங்களையும் சுகதுக்கங்களையும் பொறுத்துக்கொள்வது சான்றோர் நெறி. அங்ஙனமாயின், வலியே அறியாதவன் அந்நெறியில் முந்தி நிற்பவனா என்னும் வினா எழுகின்றது. ஆழ்ந்து நோக்கின், இல்லை என்பதே விடை. பசியில்லாதவன் உண்ணாதிருப்பது உபவாசம் ஆகாது. செவி கேளாதவன் வசைக்குச் சினவாதிருப்பது சாந்தம் ஆகாது. பொறுத்தல் என்பது உணர்ந்தவன் செய்யும் செயல். உணராமை வெறும் இன்மையே. அதில் பெருமை கொள்ள ஏதுமில்லை.

மேலும், வலி நமக்குப் பகையன்று, காவலாள். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணிபுரிந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை என்பதையும், வலி தெரியாமையால் நேரும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்பதையும் உலகுக்கு எடுத்துக் காட்டினார். காவலாள் இல்லாத வீட்டில் உள்ளே இருப்பவர்தாம் விழித்திருக்க வேண்டும். ஆதலின் அடியேன் நாள்தோறும் இரவில் விளக்கருகே அமர்ந்து உள்ளங்கால்களைக் கண்ணாலே சோதிக்கிறேன். செருப்பை உதறிப் பார்த்தே அணிகிறேன். குளிக்கும் வெந்நீரை மனையாள் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே ஊற்றிக்கொள்கிறேன். பிறர் கையை நம்பி வாழ்வது இழுக்கு என்று தொடக்கத்தில் நாணியதுண்டு. இன்று அந்நாணம் இல்லை.

அந்நாணத்தின் விலையை அடியேன் கண்ணாரக் கண்டவன். தந்தையாருக்கும் இந்நோய் இருந்தது. ஊரார் தொழுநோய் என்று கருதிவிடுவரோ என அஞ்சி அவர் அதை மறைத்தார். தொழுநோய் கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது; இதுவோ ஒட்டாத வேறொரு நோய். எனினும் அச்சம் அவரை மருத்துவரிடம் செல்ல விடவில்லை. ஆணி குத்திய புண் ஒன்றைக் காலம் கடந்து காட்டியதால் இரு விரல்களை இழந்தார். இறுதி நாட்களில், "இதையும் உனக்குக் கொடுத்துவிட்டேனே!" என்று அவர் கலங்கியது இன்னும் செவியில் ஒலிக்கின்றது.

அவர் குற்றவாளியா? இந்நோயின் பெரும்பான்மை வகையில், பதினேழாம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இரட்டித்திருப்பதே காரணம் என்பது 1991-இல் கண்டறியப்பட்டது. நோயுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் எவர் விருப்பமும் இல்லை. விருப்பமில்லாத இடத்தில் குற்றமும் இல்லை. ஆனால் மறைப்பதும் சொல்வதும் நம் விருப்பத்தில் உள்ளவை. சென்ற ஆண்டு அடியேனுடைய மகளுக்கும் கணுக்கால் அடிக்கடி பிசகத் தொடங்கியது. அன்றே அவளிடம் உண்மையைச் சொன்னேன். நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. பயிற்சியும் கணுக்கால் பட்டையும் தக்க காலணியும் துணை செய்கின்றன. இப்போது இரவுதோறும் விளக்கருகே இருவர் அமர்கிறோம். அவள் பாதத்தை நானும், என் பாதத்தை அவளும் பார்க்கிறோம்.

அன்பர்களே! நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் இக்கூட்டத்திலேயே பலர் இருக்கக்கூடும். சுடுகல்லில் ஒருவர் நிதானமாக நடக்கக் கண்டால், அவர் பொறுமையை வியப்பதற்கு முன், "கல் சுடுகிறது, நிழலுக்கு வாருங்கள்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். உணரும் கால் உடையவர், உணராத காலுக்குச் செய்யத்தக்க கைங்கரியம் அதுவே.