சாலைப் பலகையில் ஒரு பெயர்

ஹூஸ்டன் நகரைச் சுற்றி ஓடும் பெல்ட்வே 8, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நெரிசல் மிகுந்த சாலைகளில் ஒன்று. அதன் வடமேற்குப் பக்கம், 249ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிக்கு ஒரு பஞ்சாபிக்காரரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது: டெபுடி சந்தீப் சிங் தாலிவால். ஹூஸ்டன் அமைந்திருக்கும் ஹாரிஸ் கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) காவல் பணியைப் பார்க்கும் ஷெரிஃப் அலுவலகத்தில் பத்து ஆண்டுகள் வேலை செய்தவர். 2019 செப்டம்பர் 27 அன்று நண்பகலில் ஒரு காரை நிறுத்தி விசாரித்துவிட்டு, தன் வண்டியை நோக்கித் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து சுடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 42. மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

காவல் வேலையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வதைவிடச் சாதாரணமான காரியம் எதுவும் இல்லை. உரிமத்தை வாங்கிப் பார்ப்பது, இரண்டு கேள்வி கேட்பது, அனுப்பிவிடுவது. ஒரே நாளில் பல முறை செய்கிற வேலை. ஆனால் ஒவ்வொரு முறையும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல்தான் காவலர் அந்த வண்டியை நெருங்குகிறார். தாலிவாலைச் சுட்டவர், பரோல் விதியை மீறியதற்காகத் தேடப்பட்டுவந்த ஆள். 2022 அக்டோபரில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இப்படி இறந்த ஒருவருக்குச் சிலையைவிடச் சாலைதான் பொருத்தமான நினைவிடம். எழுத்தருக்கு மேசை எப்படியோ, ரோந்துக் காவலருக்குச் சாலை அப்படி. அவருடைய வேலை நாள் முழுவதும் அங்கேதான் கழிகிறது. எத்தனையோ பேருடைய தகராறுகளையும் விபத்துகளையும் அவர் அந்த ஓரத்தில் நின்றுதான் தீர்த்துவைத்திருப்பார்.

கலிபோர்னியாவின் நியூமன் சிற்றூரிலும் இதே போன்ற ஒரு பலகை உண்டு. விளைநிலங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. அங்கே 33ஆம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி கார்ப்பரல் ரோனில் சிங்கின் பெயரைத் தாங்கியிருக்கிறது. காவலராக வேண்டும் என்ற ஆசையோடு ஃபிஜித் தீவிலிருந்து அமெரிக்கா போனவர் அவர். அவருடைய பேச்சு சரியாகப் புரியவில்லை என்று மற்றவர்கள் சொன்னதும் சோர்ந்துவிடவில்லை. உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள வகுப்புக்குப் போனார். 2018இல் கிறிஸ்துமஸ் இரவு வீட்டில் மனைவியோடும் ஐந்து மாதக் கைக்குழந்தையோடும் படம் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். நள்ளிரவு தாண்டி, குடித்துவிட்டு ஓட்டுவதாகச் சந்தேகப்பட்ட ஒருவரின் வண்டியை நிறுத்தினார். அங்கேயே சுடப்பட்டார். 33 வயது.

அடுத்த ஆண்டு நவம்பரில் பலகையைத் திறந்துவைத்தார்கள். அதன் பின்பக்கத்தில் குடும்பத்தார் தங்கள் கைப்பட எழுதினார்கள். அப்பா முகம் நினைவில் தங்காத அந்தக் குழந்தையின் பெயரிலும் ஒரு வரி இருந்தது. சாலையில் போகிறவர்கள் படிப்பது முன்பக்கத்தைத்தான். பின்பக்கம் அந்த வீட்டுக்கு மட்டுமே உரியது.

கலிபோர்னியாவில் இப்படிப் பெயர் வைப்பதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பலகையை நடுவது போக்குவரத்துத் துறை. செலவு மட்டும் அரசுக் கஜானாவிலிருந்து வராது. நன்கொடையாகத் திரட்டித் தர வேண்டும். சாலையின் எண்ணும் மாறுவதில்லை. 33ஆம் நெடுஞ்சாலை வரைபடத்தில் 33 ஆகவே இருக்கும், நினைவுப் பெயர் அதன்மேல் கூடுதலாக ஏறும். அதனால் கடைக்காரர் யாரும் முகவரியை மாற்றி எழுத வேண்டியதில்லை. உயிரைக் கொடுத்தவருக்கு ஒரு பலகை நட அரசுக்குப் பணமில்லையா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும், ஊர்க்காரர்கள் கையிலிருந்து கொடுத்து வைத்த பெயருக்கு ஒரு தனி உரிமை வந்துவிடுகிறது. எங்கோ தலைநகரில் போட்ட உத்தரவாக அது நின்றுவிடுவதில்லை.

அதே மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே நியூஹால் என்ற இடத்தில், 1970 ஏப்ரலில் நெடுஞ்சாலை ரோந்துக் காவலர் நான்கு பேர் ஐந்து நிமிடத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நால்வருமே இருபதுகளில் இருந்த இளைஞர்கள், நால்வருமே தகப்பன்கள். அவர்கள் பெயர் நான்கும் இன்று அங்கே 5ஆம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. அதைவிட முக்கியமானது, அந்த இரவுக்குப் பிறகு காவலர் பயிற்சியே மாறியது என்பது. நிறுத்திய வண்டியை எப்படி நெருங்குவது, உதவிக்கு வரும் ஆள் எங்கே நிற்பது, துப்பாக்கிப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அடியிலிருந்து மறுபடி யோசித்தார்கள். பின்னால் வந்த எத்தனையோ காவலர்கள் உயிரோடு வீடு திரும்பியதில் அந்த நால்வருக்கும் பங்கு உண்டு.

தாலிவாலின் கதையிலும் மரணத்தைவிட வாழ்க்கைதான் பெரியது. அவர் காவல் பணியில் சேருவதற்கு முன்பு, ஹாரிஸ் கவுன்டியில் ஒரு சீக்கியக் குடும்பம் தங்கள் வீட்டில் திருட்டுப் போனது என்று காவலர்களை அழைத்தது. வந்தவர்கள் புகார் கொடுத்த குடும்பத்தையே சந்தேகக் கண்ணோடு நடத்தினார்கள். ஊர்ச் சீக்கியர்கள் மனம் நொந்துபோனார்கள். அந்த விரிசலைச் சரிசெய்ய யாராவது உள்ளே போக வேண்டும் என்ற நிலையில், சொந்தமாக லாரித் தொழில் நடத்திக்கொண்டிருந்த தாலிவால் அதை விட்டுவிட்டு 2009இல் சிறைக் காவலராகச் சேர்ந்தார். கவுன்டியின் முதல் சீக்கியக் காவலர் அவர்தான். 2015இல் சீருடையோடு தலைப்பாகையும் தாடியும் வைத்துக்கொண்டு ரோந்து போக அனுமதி கிடைத்தது. 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது, சீக்கியத் தொண்டு அமைப்பின் உதவியோடு கலிபோர்னியாவிலிருந்து ஒரு வண்டி நிறைய நிவாரணப் பொருட்களை வரவழைத்தார்.

அவருடைய இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். சீக்கிய முறைப்படி வழிபாடும் நடந்தது, காவல்துறை மரியாதையும் நடந்தது. பின்னர் சாலைக்குப் பெயர் வந்தது. 2021இல் மேற்கு ஹூஸ்டனில் ஓர் அஞ்சலகத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

இவற்றுக்கு இடையே நடந்த ஒன்றைத்தான் அவர் மிகவும் விரும்பியிருப்பார். அவர் வேலை பார்த்தது கவுன்டியின் ஷெரிஃப் அலுவலகத்தில். ஹூஸ்டன் நகரக் காவல்துறை வேறு, அதன் விதிகளும் வேறு. தாலிவால் இறந்த அதே ஆண்டின் இறுதிக்குள், அவரைக் கௌரவிக்கும் விதமாக, சீக்கியர்கள் தங்கள் மதச் சின்னங்களோடு பணி செய்யலாம் என்று அந்த நகரக் காவல்துறையும் அறிவித்தது.