உடம்பைப் பேணுவது யார் கடமை?

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பகுதிகளில் வாழும் எம்மவர் பலர் உடற்பயிற்சி நிலையங்களின் குழு வகுப்புகளில் சேர்ந்து வருகின்றனர். இருபது முப்பது பேர் ஒரு மண்டபத்தில் நின்று, இசைக்கு ஏற்பப் பயிற்றுநர் காட்டும் வண்ணம் கைகால்களை அசைத்து, சிறு எடைகளைத் தூக்கி, வியர்வை சிந்திச் செல்லும் வகுப்புகள் இவை. அன்னதானப் பந்தியிலும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முடியும் வரை காத்திருக்கும் வேளையிலும் இவற்றைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. "புது உயிர் வந்தது போல இருக்கிறது" என்கிறார் ஒருவர். "காசுதான் போனது" என்கிறார் இன்னொருவர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சிலர் தொடர்கின்றனர், பலர் நின்றுவிடுகின்றனர்.

தொடர்பவர்கள் பெருமையுடன் சொல்வது ஒன்றுதான்: "மனம் இருந்தால் இடம் உண்டு." நின்றவர்கள் இதற்கு மறுமொழி சொல்வதில்லை. தலையைக் குனிந்து கொள்கின்றனர். இந்த இடத்தில் ஓர் அறக்கேள்வி எழுகிறது. உடம்பைப் பேணத் தவறியவரைச் சோம்பேறி என்று தீர்ப்பிடுவது நீதியாகுமா? உடம்பைப் பேணுவது அவரவர் மனவுறுதியை மட்டும் பொறுத்த காரியமா?

அதற்கு முன்னர் தீர்க்கவேண்டிய ஐயம் ஒன்றுண்டு. எங்கள் பெரியோர்களில் சிலர், அழியும் உடம்புக்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரைப் போற்றும் சமயம் எமது சமயம். கண்ணாடி முன் நின்று தசையை அளந்து மகிழ்வதை அது ஒருபோதும் பெரும்பேறாகக் கொண்டதில்லை.

ஆயினும் சைவசித்தாந்தம் உடம்பை இகழ்ந்து ஒதுக்கவுமில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், உயிர் ஆணவ இருளிலிருந்து விடுபடும் பொருட்டு இறைவன் அளித்த கருவிகள் என்று அது கூறுகிறது. தனு என்பது உடம்பு. உடம்பைக் குற்றமுடையதென முன்னர் எண்ணியதாகவும், அதனுள்ளே இறைவன் இருப்பதை உணர்ந்தபின் அதனைப் பேணலானதாகவும் திருமூலர் திருமந்திரத்தில் கூறுகிறார். உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதிகளைச் செதுக்கித் துப்புரவு செய்தவர் திருநாவுக்கரசர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதலாவதான சரியை, திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூமாலை தொடுத்தல், விளக்கேற்றுதல் என்று உடம்பால் செய்யும் தொண்டே ஆகும். கருவி பழுதானால் தொண்டு தடைப்படும்.

உடற்பயிற்சிக்கூடம் பக்திக்குப் புறம்பான இடம் என்று எண்ணுபவர்களுக்கு ஒருவரை நினைவூட்டலாம். மருதமலை முருகனுக்கு வாரி வழங்கிய படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் உடற்பயிற்சியால் உடலை வளர்த்தவர். அவர் பெயருக்கு முன்னுள்ள 'சாண்டோ' என்ற சொல், யூஜின் சாண்டோ என்னும் ஐரோப்பியப் பலசாலியின் பெயரிலிருந்து வந்தது. முருக பக்தியும் உடற்பயிற்சியும் அவரிடம் ஒன்றோடொன்று சண்டையிடவில்லை.

இனி, எம்மவருக்கு இதன் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். ரொறன்ரோ, ஹமில்ரன், எட்மன்ரன் ஆகிய மூன்று நகரங்களில் வாழும் தெற்காசியர், சீனர், ஐரோப்பிய வழிவந்தோர் ஆகியோரை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இதய, இரத்தக்குழாய் நோய்கள் தெற்காசியரிடையே ஏனைய இரு பிரிவினரிலும் அதிகம் என்று அது காட்டியது. சலரோகமும் எம்மவரை இளவயதிலேயே பற்றுகிறது. இதனால்தான் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் இடுப்புச் சுற்றளவையே எச்சரிக்கை எல்லையாகச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்தது. ஐரோப்பிய ஆண்களுக்கு அது வகுத்த எல்லை 94. வளர்ந்தோர் கிழமைக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும், இரு தடவையாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது 2020இல் கனடா வெளியிட்ட வழிகாட்டலின் சாரம். அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் விழாமல் நிற்பதற்கான சமநிலைப் பயிற்சிகளையும் செய்ய வேண்டும்.

ஆகவே தேவை பற்றி ஐயமில்லை. வகுப்புகளில் சேர்ந்தவர்களின் அனுபவங்கள் ஏன் இவ்வாறு பிரிகின்றன என்பதே கேள்வி.

நன்மை கண்டவர்கள் கூறுவதைக் கேளுங்கள். முழங்கால் நோவுடன் சென்ற ஓய்வுபெற்ற ஒருவர், இப்போது கோயிலில் விழுந்து வணங்கி யாருடைய கைத்தாங்கலும் இன்றி எழுகிறார். இருபது ஆண்டுகளாக வேலைத்தலம், அடுப்படி, பிள்ளைகளின் பாடசாலை என்று சுழன்ற ஒரு தாய், கிழமைக்கு மூன்று மணித்தியாலம் தனக்கென்று கிடைத்ததே பெரிது என்கிறார். தனியே பயிற்சி செய்தபோது இரண்டு கிழமையில் விட்டதாகவும், குழுவில் சேர்ந்தபின், "நேற்று ஏன் வரவில்லை?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பதனாலேயே விடமுடியாமல் போனதாகவும் ஒருவர் சொன்னார்.

நின்றவர்கள் கூறுவதும் கேட்கத்தக்கதே. இசையின் இரைச்சல் தலையிடி தந்தது என்கிறார் ஒருவர். இருபது வயதுப் பிள்ளைகளின் வேகத்துக்கு ஐம்பது வயதில் ஈடுகொடுக்க முடியவில்லை என்கிறார் மற்றொருவர். சுவர் நிறையக் கண்ணாடியும் இறுக்கமான உடைகளும் கண்டு கூசித் திரும்பிய பெண்கள் உண்டு. தை, மாசிப் பனியில் இரண்டு பஸ் மாறிச் சென்று களைத்தவர்கள் உண்டு. வராவிட்டாலும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிவதைக் கண்டு மனம் கசந்தவர்களும் உண்டு. பணம் பற்றி ஒரு குறிப்பு: 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய நிலையங்களின் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேற்படக் கூடாதெனவும், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்தபின் 10 நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகலாம் எனவும் விதித்தது. கையொப்பமிடுமுன் அன்றுள்ள விதிகளைக் கேட்டறிந்து கொள்வது எவருக்கும் நல்லது.

இவ்விரு சாராரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. தொடர்ந்தவருக்கு வகுப்பில் ஒருவர் காத்திருந்தார். நின்றவருக்கு வீட்டில் பலர் காத்திருந்தனர். மாலை ஏழு மணி வகுப்புக்குக் கணவர் போகும்போது சோறும் கறியும் அடுப்பில் ஆகிக்கொண்டிருக்கின்றன. மனைவி போகவேண்டுமானால் அந்தச் சோறும் கறியும் யார் பொறுப்பு? மாமியாருக்கு மருந்து கொடுப்பது யார்? இரவு வேலைக்குப் போகிறவருக்கு எந்த வகுப்பு ஒத்துவரும்? இவற்றுக்கு விடை இல்லாதபோது அவர் நின்றதை மனவுறுதிக் குறைவு என்று சொல்வது, பாரம் சுமப்பவரைப் பார்த்து ஓடவில்லையே என்று குறைகூறுவது போன்றது.

ஊரில் எம் பெற்றோர் உடற்பயிற்சி என்று தனியே எதுவும் செய்ததில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளினர், தோட்டம் கொத்தினர், உரலில் இடித்தனர், சைக்கிளில் சந்தைக்கும் நடந்து கோயிலுக்கும் சென்றனர். அவர்கள் எம்மைவிட மனவுறுதி மிக்கவர்களாய் இருந்ததனால் அல்ல, வாழ்க்கை அமைப்பே அவர்களின் உடம்பை இயக்கியது. இங்கே காரும் கதிரையும் நீண்ட குளிர்காலமும் அந்த அமைப்பை எடுத்துவிட்டன. ஊர் முழுவதும் சேர்ந்து இலவசமாகத் தந்த ஒன்றை, இங்கு ஒவ்வொருவரும் தனியே, பணம் கொடுத்து, களைத்த மாலையில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பலகாரத் தட்டுக்கு எம் கையை எவரும் பிடித்து இழுப்பதில்லை. தொலைக்காட்சி முன் இருக்கும் இரண்டு மணித்தியாலத்தில் அரை மணித்தியாலம் எடுத்து நடக்க எவரும் தடைசெய்வதில்லை. வினைப்பயன் அவரவர்க்கே என்பது இங்கும் பொருந்தும். ஆனால் இன்னொருவர் தம் உடம்பைப் பேணுவதற்கு வழிவிடுகின்றோமா என்பதும் எமது வினையே. தன் பயிற்சி நேரத்தை மனைவியின் உழைப்பிலிருந்து பெற்றுக்கொண்டு, அவருக்கு அந்த நேரத்தைத் திருப்பிக் கொடாதவர், மனவுறுதி பற்றிப் பெருமை பேச உரிமையற்றவர்.

சமய நிறுவனங்கள் இவ்விடயத்தில் வாளாவிருக்க வேண்டியதில்லை. இன்று நாம் 'வை' என்று சுருக்கி அழைக்கும் வை.எம்.சீ.ஏ., 1844இல் லண்டனில் துணிக்கடையில் வேலைசெய்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற இளைஞரும் அவரது தோழர்களும் கூடிப் பிரார்த்தனை செய்யத் தொடங்கிய சங்கம். ரொறன்ரோவில் அது 1853இல் அமைந்தது. காலப்போக்கில் ஆன்மாவுடன் உடம்பும் தமது கவனத்துக்குரியதென அவர்கள் கொண்டனர். குளிர்காலத்தில் உள்ளரங்கில் இளைஞர் ஆடுவதற்கென, ஒன்ராறியோவின் அல்மொன்ரைப் பகுதியில் பிறந்து இறையியல் கற்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் இருந்த வை.எம்.சீ.ஏ. பயிற்சிப் பாடசாலையில் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். பிற சமயத்தவர் காட்டிய நல்வழியைக் கண்டு கற்பதில் தாழ்வொன்றுமில்லை.

கோடைத் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும்போது எம்மில் எவரும் தனியே இழுப்பதில்லை. வலியவர் முன்னே பிடிப்பார். முதியவர் வடத்தைத் தொட்டாவது வருவார். பிள்ளைகள் இடையே ஓடுவர். எவரையும் எடை என்ன, வயது என்ன என்று கேட்பதில்லை. உடம்பைப் பேணும் காரியத்திலும் இந்த முறையைக் கைக்கொள்ள முடியாதா? கோயில் மண்டபம் வெறுமையாய் இருக்கும் ஒரு காலை நேரத்தில், பெண்களுக்கும் முதியோருக்கும் சேலையுடனும் வேட்டியுடனும் செய்யக்கூடிய மெல்லிய பயிற்சியை ஒழுங்கு செய்யலாம். ஸ்காபரோ ரவுண் சென்ரர் போன்ற அங்காடிகளில் பனிக்காலத்தில் நாலுபேர் கூடி நடக்கலாம். ரொறன்ரோ மாநகரசபையின் சமூக நிலையங்கள் சிலவற்றில் கட்டணமின்றியும், வருமானம் குறைந்தோருக்கு உதவித் திட்டத்தின் கீழும் வகுப்புகள் உண்டு. அறிந்தவர் அறியாதவருக்குச் சொன்னால் அதுவும் தொண்டே.

வீட்டிலும் செய்யத்தக்கவை உள. கிழமையில் இரு மாலைகளில் சமையலை ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்கட்டும். கோயிலில் ஒருவரைக் கண்டதும், "என்ன, கொஞ்சம் உடம்பு வைச்சிட்டுது போல?" என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அந்தக் கேள்வியால் மெலிந்தவர் எவரும் இலர். கோயிலுக்கு வரக் கூசியவர்கள் உண்டு. வகுப்புக்கு வருவதை நிறுத்தியவரைக் கண்டால், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பதிலும், "செவ்வாய்க்கிழமை நான் வந்து ஏற்றிக்கொண்டு போகட்டுமா?" என்று கேட்பது மேலானது.

பிறந்த மண்ணை விட்டு வந்து, பிள்ளைகளைப் படிப்பித்து, கோயில்களை எழுப்பிய தலைமுறை இன்று முதுமையை எட்டுகிறது. அவர்கள் எழுப்பிய கோயிலின் வீதியை அவர்கள் தம் காலாலேயே வலம்வர வேண்டும். அதற்கு வேண்டிய உடல் நலத்தை அவர்கள் மட்டுமே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல், ஒருவருக்கொருவர் நேரமும் துணையும் அளிக்கும் நல்ல மனத்தை எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் எமக்கு அருள்வாராக.