வீட்டுக்குள் இரண்டு எடைக்கல்



வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் என்று வைத்திருப்பவனை நாம் வியாபாரி என்று சொல்ல மாட்டோம். ‘அல்-முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் தொடங்குவதே அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்துத்தான். ஆனால் கடையில் ஒழுங்காக நிறுக்கிற நம்மவர் சிலர் வீட்டில் இரண்டு கல் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றியே ஈண்டு இரண்டொரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

நமக்குப் பழக்கமான வியாபாரி ஒருவர், நம்மிலும் இளையவர். நிக்காஹ் ஆகி ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. மனைவியைப் பல வைத்தியர்களிடம் அழைத்துப் போனார். அந்தப் பெண் விழுங்காத மருந்தில்லை. உறவினர் வீட்டில் பிள்ளைக்குப் பெயரிடும் விசேஷம் என்றால் அவளை அழைக்கவும் தயங்கினார்கள். அவரோ ஒரு முறையும் தம்மைச் சோதித்துக்கொள்ளவில்லை. கேட்டால், “எனக்கென்ன குறை நானா? அல்லாஹ் நாடவில்லை” என்பார். வீட்டிலோ இரண்டாம் நிக்காஹ் பேச்சு நடந்தது. தமக்கென்றால் இறைவன் நாட்டம், அவளுக்கென்றால் மலடு. இது இரண்டு கல் அன்றோ?

ஒருநாள் பேச்சுவாக்கில், இருபது வயதில் தமக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததென்றும், கன்னம் வீங்கிய ஒரு வாரத்தில் விரைகளும் வீங்கிக் காய்ச்சலோடு படுத்திருந்ததாகவும் சொன்னார். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டதோடு அன்று வைத்தியம் முடிந்ததாம்.

பொன்னுக்கு வீங்கி வைரஸ் கிருமியால் வரும் வியாதி. சிறு பையன்களுக்கு வந்தால் பெரும்பாலும் கன்னத்தோடு போய்விடும். பருவமடைந்த ஆண்களுக்கு வந்தால் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு விரையையும் தாக்கும். அநேகமாக ஒரு பக்கம்தான் தாக்கும். சிலருக்கு இரு பக்கமும். தாக்கிய விரை பின்னால் சுருங்கலாம், விந்தணுக்களும் குறையலாம். ஆயினும் அடியோடு பிள்ளையில்லாமற் போவது அபூர்வம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. விந்தணு குறைந்தவருக்குப் பெரும்பாலும் இல்லற சக்தி குறைவதில்லை. பெரும்பாலும் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. சோதனை ஒன்றுதான் வழி. சில நாள் விலகியிருந்து விந்தைக் கொடுத்தால் சோதனைக்கூடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், ஊசியில்லை, கத்தியில்லை. அப்படியிருக்க, “எனக்குக் குறையில்லை” என்று சொல்பவர் எதை நிறுத்துப் பார்த்துச் சொன்னார்?

வெட்கமாக இருக்கிறது என்பார்கள். மெய்தான். ஆனால் ஏழு வருஷம் வைத்தியர் முன் நின்ற அந்தப் பெண்ணுக்கு வெட்கமில்லையா? குறை நம்மிடம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்பார்கள். வியாதி வந்தது பாவமல்ல. நிறுத்துப் பார்க்காமல் பழியை இன்னொருவர் தலையில் ஏற்றியதுதான் பாவம்.

அப்படியானால், குறை மனைவியிடம் என்று தெரிந்தால் பழிக்கலாமா? அதுவும் கூடாது. நமக்கு வந்த வியாதி விதியென்றால் அவளுக்கு வந்ததும் விதியே. சோதனை செய்வது குற்றவாளியைப் பிடிக்க அல்ல. இருவரும் உண்மையறிந்து அடுத்த காரியம் பார்க்க.

அந்த நண்பர் முடிவில் சோதனைக்குப் போனார். விந்தணு குறைவு, அற்றுப்போகவில்லை. சிகிச்சை நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தாயாரை உட்கார வைத்து, “உம்மா, குறை என்னிடந்தான்” என்று சொன்னாராம். கடையில் எவ்வளவோ நேர்மை பார்த்திருக்கிறோம். இதைவிடப் பெரியது பார்த்ததில்லை.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வியாதியைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி சிங்கப்பூரில் 1990 முதலும், மலேசியாவில் 2002 முதலும் குழந்தைகளுக்குப் போடப்பட்டு வருகிறது. உங்கள் பையன்களுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். கடைப் பையன்கள் ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். ஒருவருக்குக் கன்னம் வீங்கினால் உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள்.

எடைக்கல்லை அதிகாரி வந்து சோதிப்பார். வீட்டுக்குள் இருக்கும் கல்லை நாமேதான் சோதிக்க வேண்டும். சகோதரர்கள் சிந்திப்பார்களாக.