ஆகாமியமும் ஆண் உடலும்

குழந்தையின்மையை வினைப்பயன் என்று கொள்ளும் நம்பிக்கை தமிழகத்தில் எங்கும் உண்டெனினும், இராமேசுவரத் தீவில் அது கண்கூடான வடிவம் பெறுகிறது. மகப்பேறு வேண்டி வரும் தம்பதியர் தீர்த்தமாடி, நாகப் பிரதிட்டை செய்து, முற்பிறவியில் நேர்ந்ததாகக் கருதும் தோஷத்துக்குப் பரிகாரம் தேடுகின்றனர். இதனை மூடத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இதற்கு அடிப்படையான கோட்பாடு வழக்கத்தைவிட நுட்பமானது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுத்து, பல பிறவிகளில் திரண்ட தொகுதியைச் சஞ்சிதம் என்றும், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்த பகுதியைப் பிராரத்தம் என்றும், அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவதை ஆகாமியம் என்றும் கூறுகிறது. மகப்பேறின்மைக்குப் பிராரத்தத்தையே, அதிலும் பெரும்பாலும் பெண்ணின் பிராரத்தத்தையே, சுட்டும் பழக்கம் ஆணின் ஆகாமியத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அத்தகைய ஆகாமியத்துக்கு ஓபியாய்டுப் பழக்கம் ஓர் எடுத்துக்காட்டு. அபினியும், அதிலிருந்து பிரித்தெடுக்கும் மார்ஃபினும், மார்ஃபினை மாற்றிச் செய்யும் ஹெராயினும், ஆய்வகத்தில் ஆக்கப்படும் டிரமடால் போன்ற வலிநீக்கிகளும் ஓபியாய்டுகள் எனப்படும். நெடுநாள் உட்கொண்டால், இவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து விட்டுவிட்டுச் சுரக்கும் தூண்டுநீரைத் தணிக்க, அதன் ஏவலுக்குக் காத்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தளர, விந்தகங்களில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்புநீர் குறைந்து, வேட்கை தளர்வதோடு விந்தணுக்களின் தரமும் தாழக்கூடும். விந்து முந்துவதைத் தடுக்க அபினியை மருந்தில் சேர்த்த மரபும் இந்நாட்டில் உண்டு. ஆண்மைக்கென உண்டதே ஆண்மையைத் தின்ற முரண் அது.

இராமேசுவரத் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஹெராயின் என்ற சொல் உரக்க ஒலித்தது ஒரு வழக்கால்தான். 2011-இல் கடலில் பிடிபட்டு, அதைக் கடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து மீனவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் 2014 அக்டோபர் 30 அன்று மரண தண்டனை விதிக்க, ஊர் கொந்தளித்தது. அடுத்த மாதமே இலங்கைக் குடியரசுத் தலைவரின் நடவடிக்கையால் அவர்கள் விடுதலையாயினர். சிறையையும் தூக்கையும் நினைவூட்டும் பொருளாகிவிட்ட ஒன்று, கருவுறாமைக்கும் காரணமாகலாம் என்பது எளிதில் தோன்றுவதில்லை.

விந்தணுவின் சவ்வு ஆக்சிஜனேற்றத்தால் விரைவில் சிதையும் கொழுப்பமிலங்கள் நிறைந்ததாகையால், அச்சிதைவைத் தடுக்கும் நெல்லி, மஞ்சள், அமுக்கரா, பூனைக்காலி ஆகியவை இன்று பரிகாரங்களாகப் பேசப்படுகின்றன. எலிகளிடம் நடந்த சோதனைகள் ஓரளவு நம்பிக்கை தருகின்றன. மனிதரிடமோ சான்று மெலிந்தது. 2020-இல் வெளியான மாக்ஸி என்னும் அமெரிக்க ஆய்வில், வைட்டமின்களும் துத்தநாகமும் உள்ளிட்ட ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளின் கலவை, மருந்தற்ற போலி மாத்திரையைவிட விந்தணுக்களை மேம்படுத்தவில்லை. ஓபியாய்டை விடாமல் லேகியத்தை நாடுவது, தீங்கைத் தொடர்ந்துகொண்டே தீர்த்தமாடுவதற்கு ஒப்பு; மாறாக, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்தியவர்களில் பலருக்குச் சுரப்புநீர் மீள்கிறது, புதிய விந்தணு உருவாவதற்கோ ஏறத்தாழ இரண்டரை மாதம் போதும்.

ஆகாமியத்தின் பயன் பெரும்பாலும் வரும் பிறவிக்கு உரியது என்பர் சித்தாந்திகள். உடலின் கணக்கு அத்தனை பொறுமையுடையதன்று. எனினும் விளைவைக் கொண்டு பழியை அளக்க இயலாது. போதைக்கு அடிமையானவனிடம் முதல் செயலில் இருந்த விருப்பம் நூறாவதில் எஞ்சுவதில்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் பெறுபவனுக்கோ, அதே சுரப்புநீர்க் குறைவு, ஈட்டிய வினை ஏதுமின்றியே நேர்கிறது.