பயணத்தில் பிள்ளை, முதுமையில் பெற்றோர்



 

நம் வேப்பனப்பள்ளி எல்லையில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். கிருஷ்ணகிரிக்குப் போனால் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையும், டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு வழியாகச் சென்னை போகும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கின்றன. ஓசூர் சிப்காட்டின் உதிரிபாகம், கிருஷ்ணகிரி மாம்பழம், மாங்கூழ், கிரானைட் கல் எல்லாம் இந்தச் சாலைகளில்தான் போகின்றன. அதனால் நம் பகுதியில் லாரி ஓட்டுபவர்கள் அதிகம். இந்த மஹல்லாவில் ஓட்டுநரோ கிளீனரோ இல்லாத தெரு எது?

டெல்லி லோடு என்றால் போகும்போதே 2,000 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும்போது லோடு கிடைக்காவிட்டால் அங்கேயே காத்திருக்க வேண்டும். இருபது நாள், ஒரு மாதம் என்று போய்விடும். அந்த நாட்களில் அவருக்கு வீடு எது? லாரியின் கேபின்தான். சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகைதான் படுக்கை. வண்டி நிழலில் அடுப்பு வைத்துச் சமையல். பெட்ரோல் பங்க் குழாயில் குளியல், ஒளு. வசதியுள்ள நாடுகளில் சிலர் சொந்த வீட்டை விற்றுவிட்டு, சமையலறையும் கட்டிலும் உள்ள வண்டியை வாங்கி ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். அவர்களுக்கு அது ஆசை. நம் சகோதரர்களுக்கு அது பிழைப்பு. ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதியே நம் நாட்டில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புதிய லாரிகளுக்குத்தான் வந்திருக்கிறது.

அவருக்கும் ஊரில் ஒரு தாய் இருக்கிறார். வயது எழுபது, எண்பது. சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி, கண்ணில் புரை. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். இந்தப் பிள்ளை என்ன செய்வான்? வண்டி ஓட்டாவிட்டால் தாய்க்கு மாத்திரை இல்லை. வண்டி ஓட்டினால் மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. இந்த ஜும்ஆவில் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஆறுதல்

உழைப்பதற்காக ஒருவர் விரைந்து செல்வதைச் சஹாபாக்கள் பார்த்தார்கள். இந்தச் சுறுசுறுப்பு அல்லாஹ்வின் பாதையில் இருந்திருக்கக் கூடாதா என்று பேசிக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் திருத்தினார்கள். சிறு பிள்ளைகளுக்காக உழைக்கப் புறப்பட்டிருந்தாலும், வயது முதிர்ந்த பெற்றோருக்காக உழைக்கப் புறப்பட்டிருந்தாலும் அவர் அல்லாஹ்வின் பாதையில்தான் இருக்கிறார் என்று விளக்கினார்கள். தப்ரானியில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது.

ஆகவே லாரி ஓட்டும் சகோதரரே, தாயின் மருந்துக்காக, ஹலாலான ஒரு கவளத்துக்காக நீங்கள் ஸ்டீயரிங் பிடிக்கும்போது உங்கள் பயணம் வீண் போவதில்லை. இதை மனதில் வையுங்கள். அடுத்து வருவதை இதோடு சேர்த்துக் கேளுங்கள்.

அல்லாஹ் சேர்த்த ஒரு சொல்

சூரா பனூ இஸ்ராயீலின் 23ஆம் வசனத்தில், தன்னைத் தவிர வேறு யாரையும் வணங்கக் கூடாது என்று கட்டளையிட்ட கையோடு, பெற்றோருக்கு நன்மை செய்யும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்துவிட்டால் அவர்களிடம் 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது, விரட்டக் கூடாது, மரியாதையாகப் பேச வேண்டும் என்கிறான். நாம் எல்லோரும் பலமுறை கேட்ட வசனம்.

அதில் ஒரு சிறிய சொல் இருக்கிறது. 'இன்தக' என்ற சொல். உன்னிடத்தில் என்று பொருள். பெற்றோர் முதுமையை அடைந்தால் என்று மட்டும் சொல்லியிருந்தாலே கருத்து முழுமையாகியிருக்கும். உன்னிடத்தில் முதுமையை அடைந்தால் என்று அல்லாஹ் சேர்க்கிறான். தாய் தகப்பன் எங்கோ ஓரிடத்தில் வயதாகிக் கிடப்பவர்கள் அல்ல, உன் பொறுப்பில், உன் பக்கத்தில் முதுமை அடைபவர்கள் என்று அந்தச் சொல் நினைவூட்டுகிறது. சின்ன வயதில் நீ அவர்களிடத்தில் இருந்தாய். இப்போது அவர்கள் உன்னிடத்தில் இருக்கிறார்கள்.

சரி, வீடே சக்கரத்தின் மேல் இருப்பவனுக்கு 'உன்னிடத்தில்' என்பது எப்படிப் பொருந்தும்? கேபினில் தாயை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போக முடியுமா? முடியாது. ஆனால் அவர் உன்னிடத்தில் இருக்கிறார் என்ற பொறுப்பு வண்டி நகர்ந்ததும் இறங்கிப் போய்விடுவதில்லை.

பால் பாத்திரத்தோடு நின்றவர்

குகையில் சிக்கிய மூவரின் வரலாறு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. பாறை உருண்டு வந்து குகையின் வாசலை அடைத்துவிட்டது. ஒவ்வொருவரும் தாம் செய்த நல்ல அமலை முன்வைத்து துஆ கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆடு மேய்ப்பவர். அவருக்கு வயதான தாயும் தகப்பனும் இருந்தார்கள். மாலையில் பால் கறந்து முதலில் பெற்றோருக்குக் கொடுப்பார். பிறகுதான் பிள்ளைகளுக்கு.

ஒருநாள் மேய்ச்சல் தேடி வெகுதூரம் போய்விட்டார். திரும்ப இரவாகிவிட்டது. பெற்றோர் தூங்கிவிட்டார்கள். பாலைக் கறந்து பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு அவர்கள் தலைமாட்டில் நின்றார். எழுப்பவும் மனமில்லை. அவர்களுக்கு முன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் மனமில்லை. விடியும்வரை அப்படியே நின்றார். இந்த அமலை முன்வைத்துக் கேட்டபோது பாறை நகர்ந்தது.

இவர் வீட்டிலேயே இருந்தவரா? இல்லை. பிழைப்புக்காக வெளியே போனவர். தூரம் போனவர். தாமதமாக வந்தவர். தாமதம் அவர் கையில் இல்லை. வந்த பிறகு என்ன செய்வது என்பது அவர் கையில் இருந்தது. நாளெல்லாம் அலைந்த களைப்பு அவருக்கும்தான் இருந்தது. ஆனாலும் பாத்திரத்தை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, தாமே கையில் ஏந்தி நின்றார்.

நமக்குப் பாடம் இதுதான். தூரம் போவது குற்றம் இல்லை. திரும்பி வந்த பிறகும் தூரமாகவே இருப்பதுதான் குற்றம். இருபது நாள் கழித்து வீடு வருகிறோம். முதல் நாள் முழுக்கத் தூக்கம். இரண்டாம் நாள் டீக்கடையில் நண்பர்கள். மூன்றாம் நாள் வண்டி வேலை, டயர், எஃப்சி. நான்காம் நாள் அடுத்த லோடு. தாயின் கட்டிலருகே உட்கார்ந்தது எத்தனை நிமிடம்? பயணம் வேதனையில் ஒரு பகுதி என்றும், அது உணவையும் பானத்தையும் தூக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும், போன வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரி, முஸ்லிமில் இருக்கிறது. உங்கள் கஷ்டம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வரச் சொன்னதும் அவர்கள்தான்.

பணம் மட்டும் போதுமா?

செல்போனிலேயே ஒரு நொடியில் பணம் அனுப்பிவிடலாம். நல்லது, அனுப்புங்கள். ஆனால் ஹிஜ்ரத்துக்காக பைஅத் செய்ய வந்த ஒருவர், பெற்றோரை அழவிட்டு வந்திருக்கிறேன் என்றபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அழவைத்தது போலவே போய்ச் சிரிக்கவையுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. பெற்றோருக்கு ஏதாவது அனுப்பிவிடுங்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. நேரில் போகச் சொன்னார்கள்.

மனைவியின் பணிவிடை உங்கள் கணக்கில் சேருமா?

இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். பல வீடுகளில் ஓட்டுநர் வெளியூரில் இருக்கிறார். அவருடைய தாயைக் குளிப்பாட்டுவதும், மலம் அள்ளுவதும், இரவில் விழித்திருப்பதும் அவருடைய மனைவி. கேட்டால், "நான் அம்மாவை நல்லாத்தான் பார்த்துக்கறேன்" என்கிறார். பார்ப்பது யார்?

பெற்றோரைப் பேணும் கடமை மகன் மீதும் மகள் மீதும் இருக்கிறது. மருமகள் மீது மார்க்கம் அதைக் கடமையாக்கவில்லை. அவர் செய்வது இஹ்ஸான், அவர் மனதார செய்யும் உபகாரம். அதற்கான கூலி அவருக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. உங்கள் கடமையை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்று போனில் சத்தம் போட உங்களுக்கு உரிமை இல்லை. நன்றி சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் நாட்களில் அந்த வேலையை நீங்கள் கையில் எடுத்து அவருக்கு ஓய்வு கொடுங்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் பேசி, மாதத்தில் யாருக்கு எத்தனை நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சகோதரி மீதே எல்லாம் விழக் கூடாது.

எப்போது வண்டியை நிறுத்த வேண்டும்?

ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஆம் என்றதும், அவர்களுக்காகப் பாடுபடும்படி சொன்னார்கள். இதுவும் புகாரி, முஸ்லிமில் உள்ளது. பெற்றோருக்குப் பணிவிடை தேவைப்பட்டு, அதைச் செய்ய வேறு யாரும் இல்லாதபோது, அவர்களை விட்டுவிட்டுப் பயணம் போகக் கூடாது என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே தாய் படுக்கையில் விழுந்துவிட்டார், கவனிக்க ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தால், நீண்ட தூர லோடை விட்டுவிடுங்கள். ஓசூர், பெங்களூரு என்று அன்றே போய்த் திரும்பும் வண்டிக்கு மாறுங்கள். சம்பளம் குறையும், உண்மைதான். உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்கள் தாய்க்கு நன்மை செய்பவராக யமனில் இருந்தார்கள். நபியை நேரில் கண்ட சஹாபி என்ற அந்தஸ்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவரைச் சந்தித்தால் பாவமன்னிப்புக்கு துஆ செய்யச் சொல்லிக் கேளுங்கள் என்று உமர் (ரலி) அவர்களுக்கே நபி (ஸல்) அவர்கள் சொல்லிவைத்தார்கள். முஸ்லிமில் இந்த வரலாறு இருக்கிறது. தாய்க்காக ஒன்றை இழப்பவரை அல்லாஹ் கைவிடுவதில்லை.

லோடு ஏற்றும் முன்

கிளம்பும் முன் தாயிடம் அனுமதி கேளுங்கள். எத்தனை நாள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஐந்து நாள் என்று சொல்லிவிட்டு இருபது நாள் கழித்து வராதீர்கள். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரையைச் சேர்த்து வாங்கிவையுங்கள். எந்த மாத்திரை எப்போது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆபத்து என்றால் யாரை அழைப்பது என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும் திட்டம். உங்கள் தாயின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

தினமும் ஒரு வக்தைத் தாய்க்கென்று வையுங்கள். மஃரிபுக்கு வண்டியை ஓரங்கட்டித் தொழுதீர்களா, உடனே அவரை அழையுங்கள். ஓட்டிக்கொண்டே பேசாதீர்கள். உங்கள் உயிரும் அவருடைய அமானிதம்தான்.

முதலாளிகளும் ஜமாஅத்தும்

நம்மில் லாரி உரிமையாளர்களும் இருக்கிறார்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள் என்றும், சக்திக்கு மீறிய சுமையை அவர்கள் மீது ஏற்றக் கூடாது என்றும் ஹதீஸ் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியது. தாய்க்கு முடியவில்லை என்று ஓட்டுநர் கேட்டால், மாற்று ஓட்டுநரை அனுப்பி அவரை பஸ் ஏற்றிவிடுங்கள். மய்யித்துக்கு வருவதற்குக் கொடுக்கும் லீவை, உயிரோடு பார்ப்பதற்குக் கொடுங்கள்.

ஜமாஅத்துக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் பயணத்தில் இருக்கும் முதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுப்போம். ஜும்ஆ முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு வீட்டில் ஸலாம் சொல்லி, "மாத்திரை இருக்கா, சாப்பிட்டீங்களா" என்று கேட்போம். அந்த முதியவர் எந்த மதத்தவராக இருந்தாலும் கேட்போம். பராமரிப்புக்காகப் பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட 2007ஆம் ஆண்டின் சட்டம் வழி வைத்திருக்கிறது. நம் மஹல்லாவின் ஒரு தாய் அந்தப் படி ஏறும் நிலை வரக் கூடாது.

இரண்டு துஆக்கள்

மறுக்கப்படாத மூன்று துஆக்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னது அபூதாவூதில் இருக்கிறது. பெற்றவரின் துஆ, பயணியின் துஆ, அநீதி இழைக்கப்பட்டவரின் துஆ. முதல் இரண்டைக் கவனியுங்கள் சகோதரர்களே. வீட்டில் பெற்றவர் இருக்கிறார். சாலையில் பயணி இருக்கிறான். இருவர் துஆவும் ஏற்கப்படும். அவர் உங்களுக்காகக் கையேந்தட்டும். நீங்கள் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது அவருக்காகக் கேளுங்கள். சிறு வயதில் என்னை வளர்த்தது போல் அவர்கள் மீது இரக்கம் காட்டு என்று கேட்க அல்லாஹ்வே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறான். ஆனால் அந்த மூன்றாவது துஆ, அநீதி இழைக்கப்பட்டவரின் துஆ, நம் தாயின் வாயிலிருந்து நமக்கு எதிராகப் புறப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யா அல்லாஹ்! சாலையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக. அவர்களுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கு ஆஃபியத்தைத் தருவாயாக. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பெண்களின் கைகளுக்குக் கூலியைப் பெருக்குவாயாக. எங்கள் உழைப்பில் பரக்கத் செய்வாயாக. பெற்றோரை முதுமையில் அடைந்தும் சுவனத்தைத் தவறவிட்டவர்களில் எங்களைச் சேர்த்துவிடாதே.

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.