கண்ணாடியைச் சுரண்டும் கால்கள்

இலங்கையின் குண்டசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்திலுள்ள இரண்டு ஆமைகளும் நாங்கள் வாங்கியவை அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கள் கனடாவுக்குப் புறப்பட்டபோது கட்டிலையும் அலுமாரியையும் விற்றார்கள். மீன் தொட்டியையும் அதிலிருந்த ஆமைகளையும் கேட்பாரில்லை. எங்களிடம் விட்டுப் போனார்கள். ‘ஆமை புகுந்த வீடு’ என்று மாமியார் ஒருமுறை முனகினார். இப்போது அவற்றுக்குக் கீரை நறுக்கிப் போடுபவர் அவர்தான்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் இந்தச் செங்காது ஆமைகளுக்குப் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அங்குள்ள பண்ணைகளில் பொரித்த குஞ்சுகளை உலகமெங்கும் ஏற்றுமதி செய்தார்கள். கடையில் பார்க்கும்போது தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். வளர்ந்தால் ஓடு ஒரு சாணைத் தாண்டும். ஆயுசு 30 வருடத்தையும் தாண்டலாம். வாங்குகிறவர் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் கதிரையை இழுத்துப்போட்டு அவற்றின் சேட்டைகளைப் பார்ப்பார்கள். மூடுபனி விலகி வெயில் ஏறியதும் பெரியது கல்லின் மேல் ஏறும். கழுத்தை முழுக்க நீட்டி, பின்கால்கள் இரண்டையும் நேராகப் பின்னுக்கு விரித்து, விரலிடைச் சவ்வுகள் தெரியக் கிடக்கும். சின்னது அதன் முதுகில் ஏறிப் படுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் இறங்கினால் இன்னொரு விசித்திரம்: சின்னது பெரியதின் முகத்துக்கு நேரே வந்து நின்று, நீண்ட நகங்கள் உள்ள முன்கைகளை நீட்டி, அதன் கன்னங்களுக்கு அருகே படபடவென்று நடுக்கும். சின்னது ஆண், பெரியது பெண். அந்த நடுக்கம் துணை கேட்கும் முறை.

கால் விரித்துக் கிடப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அது விளையாட்டல்ல. தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள ஆமையால் முடியாது. வெயிலிடம்தான் வாங்க வேண்டும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் அதன் உடம்பு வைட்டமின் டி3யைச் செய்துகொள்ளும். இல்லாவிட்டால் ஓடு மென்மையாகி வளைந்துவிடும். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் சூடு இருக்கும், அந்தக் கதிர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதனால் காலையில் ஜன்னலை அகலத் திறந்துவிடுகிறோம்.

புலனடக்கத்துக்கு வள்ளுவர் காட்டிய உதாரணம் ஆமை. எங்கள் தொட்டி ஆமைகளிடம் அந்த அடக்கத்தைக் காண முடியாது. ஆள் நடமாட்டம் தெரிந்தாலே இரண்டும் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நான்கு கால்களாலும் துழாவும். “அப்பாவை அதுக்கு நல்லாத் தெரியும்” என்பாள் மகள். தெரிந்திருக்கலாம். இந்த இனத்தின் நிறப்பார்வை நம்முடையதைவிட விரிந்தது. நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா நிறமும் அதற்குத் தெரியும். எந்தக் கையிலிருந்து உணவு விழுகிறது என்பதையும் கற்றுக்கொள்ளும். அது பாசமா என்று மகள் கேட்டால் நான் பிடிகொடுப்பதில்லை. பாசமில்லை என்று நாளைக்கே நிரூபித்துக் காட்டினாலும் தண்ணீர் மாற்றும் வேலை குறையப்போவதில்லை. திருப்பி அன்பு காட்டுகிறவர்களுக்குத்தான் செய்வோம் என்றால் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் யார் செய்வது? நமக்குப் பிடித்த மாதிரி அது நடந்துகொள்கிறது என்பது ஒரு சந்தோஷம். அதற்கு என்ன வேண்டும் என்று கேட்பது வேறொரு வேலை.

வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலையில் பிக்ஃபேஸ் என்று ஒரு நைல் மென்னோட்டு ஆமை பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. தன் கழுத்தைத் தானே நகத்தால் கீறியும் முன்கால்களைக் கடித்தும் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் பந்துகளையும் ஒரு வளையத்தையும் போட்டார்கள். அது அவற்றை முட்டித் தள்ளியது, கவ்வி இழுத்தது, தண்ணீர்க் குழாயோடு இழுபறி செய்தது. கீறிக்கொள்வது குறைந்தது. கோர்டன் பர்கார்ட்டும் சக ஆய்வாளர்களும் 1996இல் இதை எழுதினார்கள். ஊர்வன விளையாடுமா என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரை ஒரு பதில். எனக்கு அதில் பட்டது இன்னொன்று: செய்ய ஒன்றுமில்லாத உயிர் தன்னையே கிழித்துக்கொள்கிறது.

ஒரு பெப்ரவரியில் பெரியது சாப்பாட்டை நிறுத்தியது. கல்லின் மேல் ஏறி நின்று பின்கால்களை மாற்றி மாற்றிக் கண்ணாடியைச் சுரண்டியது. ஆமை ஆடுகிறது என்று அயல்வீட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மிருக வைத்தியர் பின்காலுக்கு முன்னாலுள்ள குழியில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். “முட்டை இருக்கு. மண் குடுங்க. இல்லாட்டி உள்ளயே தங்கி உசிருக்கு ஆபத்தாயிடும்” என்றார். பின்வளவில் கொய்யா மரத்தடியைச் சுற்றி மறைத்து மண்ணை நனைத்து விட்டோம். அது சுற்றிச் சுற்றி நடந்து ஓர் இடத்தைப் பிடித்தது. தன் உடம்பிலிருந்து தண்ணீர் விட்டு மண்ணை இளக்கியது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், பின்பாதங்களாலேயே ஒவ்வொரு பிடியாக மண்ணை அள்ளி, வாய் குறுகி வயிறு அகன்ற ஒரு குழியைத் தோண்டியது. வெள்ளையாக, நீள்வட்டமாக முட்டைகள் விழுந்தன. ஒவ்வொன்றையும் பாதத்தால் மெல்ல ஒதுக்கி வைத்தது. மூடி முடித்ததும் அடியோட்டால் மண்ணை அழுத்தித் தேய்த்தது. கண்ணாடியில் அது தோண்டிப் பார்த்தது இந்தக் குழியைத்தான்.

இருட்டியபின் அந்த முட்டைகளைத் தோண்டியெடுத்து உறைபெட்டியில் வைத்தேன். குஞ்சு பொரிக்க விடவில்லை. தாய்க்கு மண் கொடுத்த கையாலேயே அதையும் செய்தேன். இரண்டும் செய்ய வேண்டியவைதான்.

ஏனென்றால் பொல்கொல்ல அணையைத் தாண்டி வரும் மகாவலி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். “ஆத்துல விட்டுருங்க, புண்ணியம்” என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நீர்நிலைகளுக்கென்று சொந்த ஆமைகள் இருக்கின்றன: இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பால் ஆமை, சிங்கள அயலவர்கள் கல் இப்பா என்னும் கறுப்பு ஆமை. செங்காது ஆமை வெயில் காயும் இடத்துக்கும் இரைக்கும் ஊர் ஆமைகளோடு போட்டியிடும், நோயையும் கொண்டுபோகும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியைத் தடுத்தது. ஜப்பானில் 2023 ஜூனிலிருந்து விற்கவும் வெளியில் விடவும் தடை; ஏற்கனவே வளர்ப்பவர்கள் தொடர்ந்து வளர்க்கலாம். நான் அறிந்த சட்டங்களில் எனக்கு நியாயமாகப் படுவது இந்தக் கடைசி ஏற்பாடு.

அந்நிய இனம் என்று ஒரு உயிரைச் சொல்ல மலையகத்தில் பிறந்த எனக்கு நாக்கு கூசும். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தபோது அந்தப் பேச்சை எங்கள் வீட்டார் நிறையக் கேட்டவர்கள். மனிதரையும் ஆமையையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஆற்றுக்கு வரும் கெடுதி உண்மையான கெடுதி. ஆனாலும் அது தானாக இங்கே நீந்தி வரவில்லை. கொண்டுவந்தவர்களின் பொறுப்பைக் குற்றமாக்கி அதன் ஓட்டில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். தொட்டியும் அதற்குப் போதாது, ஆறும் அதற்கு ஆகாது. மிச்சமிருப்பது எங்கள் பின்வளவு. அங்கே சிமெந்துக் குளம் கட்டி, சுற்றுச்சுவரை மண்ணுக்குள்ளும் இறக்கி, ஒரு பக்கம் வெறும் மண்ணாக விட வேலை நடக்கிறது.

எனக்குப் பிறகும் அவை இருக்கலாம். திகனையிலுள்ள அக்கா மகனைக் கேட்டேன். வீட்டில் வளவு இருக்கிறது, எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். “மாமா, மண்ண எப்ப நனைச்சு வைக்கணும்?” என்று கேட்டான். பின்காலால் சுரண்டத் தொடங்கும் அன்றைக்கே என்றேன்.